விளக்கு வைக்கும் நேரத்தில் வந்த அழைப்பு

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். ஊர் வாய்க்குப் பயம். தம்பியின் வேலை போய்விடுமோ என்றும் பயம். இப்போது அவன் கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். இனி நாங்கள் கும்பிடும் ஐயா பார்த்துக்கொள்வார்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் இத்தாலியனும் மொழிபெயர்ப்பும் படித்தாள். கப்பலில் சமையல்காரனான என் தம்பிக்கு அது கேலி. "ஏட்டி, அந்தப் பாஷையில வடசேரி சந்தையில யாருட்ட வெண்டக்கா விக்கப் போற?" என்பான்.

அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள், நான் விளக்கேற்றி ஐயாவை வேண்டி உகப்படிப்பு பாட உட்காரும் நேரம், அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது. வயிற்றுவலி என்று இத்தாலியில் ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. முகம் சாம்பலாக இருந்தது. "மக்கா, இந்த டாக்டரு என்னம்மோ சொல்லுகாரு. ஒண்ணும் மனசிலாவல" என்று போனை டாக்டரிடம் கொடுத்தான்.

அந்த டாக்டரம்மாள் பேசப் பேச மகள் தமிழில் சொன்னாள். "ஒங்க குடல்ல ஓட்டை விழுந்திருக்கு. நான் இப்பவே வயித்தத் திறக்கணும். அதுல உயிர் போனாலும் போவலாம்."

டாக்டர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டுமாம்; வகுப்பில் அப்படித்தான் பழக்குகிறார்களாம். எனக்கோ என் பிள்ளையே கத்தியோடு நிற்பதுபோல் இருந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் சாவுப் பேச்சு எடுப்பதே இல்லை.

அவள் கையைப் பிடித்தேன். "உயிர் போவும்னு சொல்லாண்டாம் மக்கா. சின்ன ஆப்பரேசன்னு சொல்லு."

"மாத்த மாட்டேன்மா. கேட்டுட்டு மாமாதான் சம்மதம் சொல்லணும்."

வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் ஐயாவை விளித்துக்கொண்டே நின்றேன்.

"உயிருக்கே ஆபத்துன்னா சொல்லிருகேன் மக்கா. நெஞ்சுக்கு, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தின்னுகேன். கப்பல்ல தெரிஞ்சா ஏத்த மாட்டான். ஒங்க அம்மைக்கும் தெரியாது."

மகள் அதை இத்தாலியனில் சொன்னதும் டாக்டர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ரத்தம் நிற்க ஊசி போட்ட பிறகே கத்தி வைத்தார்களாம். போன் அணைந்து மறுபடி அடிக்கும்வரை மகளும் நானும் சோறு தண்ணீர் தொடவில்லை. பிழைத்துக்கொண்டான்.

ஆனால் பக்கத்து வீட்டில் கேட்டது கோட்டாறு போய்ச் சேர்வதற்குள் வேறாகிவிட்டது. "ஒன் வயித்தக் கிழிக்கப் போறேன், நீ செத்துப்போவன்னு தாய்மாமன் முகத்தப் பாத்துச் சொன்ன பிள்ளை" என்று என் காதுபடவே பேசினார்கள். கல்யாணமாக வேண்டிய பெண். அதனால்தான் எழுதுகிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால், அவள் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டும் மாற்றிவிடாதீர்கள்.