மெழுகு பூசியவரின் உள்ளங்கை

துபாயில் ஒரு மாலுக்குள் செயற்கைப் பனிச்சரிவு இருக்கிறது. சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. பலகைகளுக்கு மெழுகு பூசியவர் ராமநாதபுரத்துக்காரர். கம்பளித் தொப்பியும் நரைத்த மீசையுமாக, அதிகம் பேசாதவர்.

இஸ்திரிப் பெட்டியால் மெழுகை உருக்கிப் பலகையின் அடியில் தேய்ப்பார். ஆறியதும் மேலே நிற்கிற மெழுகைச் சுரண்டிவிடுவார். சுரண்டாவிட்டால் பலகையைப் பனி பிடித்துக்கொள்ளும். கடைசியில் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ஒரு மதியம் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார்.

"லீவு கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன் தம்பி. மாஃபி, கிடையாதுன்னுட்டாங்க. சீசன்ல ஆள் இல்லையாம்."

சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பலகை திரும்பி வந்தது. சரிவில் நகரவே மாட்டேன் என்கிறதாம். அடியில் மெழுகு சுரண்டப்படாமல் திட்டுத்திட்டாக நின்றது. என் விரலுக்கே தட்டுப்பட்டது.

"அண்ணே, தடவிப் பாக்கலையா?"

கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தார்.

"பாத்தேனே தம்பி. இப்பவும் வழவழன்னுதான இருக்கு."