காலி வண்டியின் எடை

நாற்பத்தொன்பது வயதுவரை அல்போன்சாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கிடைத்ததில்லை. நீலசந்திராவில் அவர்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. அவள் மூத்த மருமகள். மூன்று கொழுந்தன்களுக்கும் ஒருவர்பின் ஒருவராகக் கல்யாணமானபோது ஒவ்வொரு முறையும் உள்ளறை புது ஜோடிக்குப் போனது. அவளும் அவள் கணவன் மதலைமுத்துவும் முதல் கல்யாணத்தின்போது எல்லாரும் படுக்கும் முன்னறையிலிருந்து சமையலறைக்கு வந்தவர்கள்தான். பிள்ளை இல்லாதவர்களுக்கு அறை எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறைக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. இரவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அவள் காலைத் தாண்டிப் போவார்கள். சிலர் எழுப்பி டம்ளர் எங்கே என்று கேட்பார்கள்.

பகலில் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளின் தையலைச் சரிபார்க்கும் வேலை. லீவு என்பது யாராவது செத்தாலோ, யாருக்காவது கல்யாணமானாலோதான். போகிற ஊரிலெல்லாம் உறவுக்காரர் வீட்டில் இறங்கி, அங்கேயும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மதலைமுத்து பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட்டில் வேலை பார்த்தான். சிக்மகளூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்காரர் ஒருவர் தம் வேனுக்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக் கட்டித் தரச் சொன்னார். வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்து அல்போன்சாவை ஷெட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். அவள் உள்ளே ஏறிப் படுக்கையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பத்து நிமிஷம் அவன் வெளியே நின்றான்.

இறங்கி வந்து, “இதுல போனா யாரு ஊட்லயும் எறங்க வேணாம்ல?” என்றாள்.

“உனக்கு ஒண்ணு கட்டித்தரேன்மே.”

அது எண்பத்தொன்பதில். பழைய மெட்டடோர் வேன் ஒன்று அவன் கைக்கு வர ஐந்து வருஷம் ஆயிற்று. அதை ஷெட்டின் பின்புறம் நிறுத்தி ஞாயிறுதோறும் கட்டினான். அவள் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கார்வார். அங்கே கடல் இருப்பதாகத் தொழிற்சாலையில் ஒருத்தி சொன்னாள். அதைவிட முக்கியம், அந்த ஊரில் அவர்கள் சனம் யாரும் பெண் கொடுத்ததில்லை, எடுத்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் “அடுத்த மே மாசம்” என்றான். ஒரு மே மாதம் கூரை ஒழுகியது. இன்னொன்றில் ஜன்னலுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. தொண்ணூற்றெட்டு அக்டோபரில் அவள் அவனைக் கேட்காமல் எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து. இதை விட்டால் இரண்டு வருஷத்துக்கு லீவு இல்லை என்று சூப்பர்வைசர் எழுதி வாங்கிக்கொண்டார்.

வண்டியின் பாடியை மாற்றினால் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் பார்ப்பார். எடைச்சீட்டு கொண்டுவர வேண்டும், காலி வண்டி இரண்டாயிரத்து நூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்று அங்கிருந்த குமாஸ்தா சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை இருவரும் எடை போடக் கிளம்பினார்கள்.

எங்கே போடுவது என்பது மதலைமுத்துவுக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அறுநூறு பஸ் கட்டியவன். அவற்றை எடைக்குக் கொண்டுபோனது டிரைவர்கள். பழைய இரும்பு மண்டி ஒன்றில், தங்கள் லாரிகளுக்கு மட்டும்தான் என்றார்கள். ஓசூர் ரோட்டில் மரக்கடை ஒன்றில் மெஷின் ரிப்பேர். இன்னொரு இடத்தில் கேட்டைத் திறக்கவே இல்லை. வாட்ச்மேன் வேனின் ஜன்னல் திரையைப் பார்த்துவிட்டு, சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டான்.

பதினோரு மணிக்குச் சந்தாபுரா தாண்டிக் கிரானைட் அறுக்கும் பட்டறையின் எடைமேடை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் பெயர் ஸ்ரீகண்டன்.

“ஏனு லோடு?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“லோடு இல்ல சார். காலி வண்டி,” என்றான் மதலைமுத்து.

“தமிழா? காலி வண்டிய எடை போட்டு இன்னா பண்ணுவீங்க? ஃபாரத்துல சரக்குன்னு ஒரு கட்டம் கீது. கல்லு ஏத்தினா கல்லு. மண்ணு ஏத்தினா மண்ணு. உள்ள இன்னா கீது?”

“ஊடு,” என்றாள் அல்போன்சா.

அவர் எழுந்துவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அலமாரி, அடுப்பு, இரும்பு ஆங்கிள் கட்டில், பித்தளைத் தாழ்ப்பாள். “பொண்ணு குடுக்கற அளவுக்குக் கீதேப்பா,” என்றார். “ஏத்துங்க மேல. ஆள் யாரும் உள்ள இருக்கக் கூடாது.”

மேடையில் வண்டியை நிறுத்தி இறங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொன்ன இரண்டாயிரத்து நூறு கணக்கை அவரிடம் சொன்னார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 2390.

அல்போன்சா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருநூத்தித் தொண்ணூறு ஜாஸ்தி,” என்றார் ஸ்ரீகண்டன். “பஸ்ஸுக்குப் போடற இரும்பு ஷீட்டா போட்டீங்க?”

“வேற எனக்கு இன்னா தெரியும் சார்,” என்றான் மதலைமுத்து. பிறகு அவள் பக்கம் திரும்பினான். “ஒண்ணும் மோசமில்லமே. சைடு ஷீட்டப் பிரிச்சுட்டு அலுமினியம் போட்டுடறேன். ஆறு மாசம். மே மாசத்துக்குள்ள முடிச்சுடலாம்.”

அவன் குரலில் வருத்தம் இல்லை. புது வேலை கிடைத்தவன்போல, வண்டியின் பக்கவாட்டில் விரலால் அளந்துகொண்டே நடந்தான்.

அவள் வண்டியில் ஏறினாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தாள். அவள் அதை இதற்குமுன் திறந்ததில்லை. உள்ளே இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், டூல் பெட்டி, பெயிண்ட் டின்கள், உடைந்த ஸ்பிரிங் பட்டைகள், மிச்ச ஆங்கிள் துண்டுகள், இரண்டாவது ஸ்டெப்னி. அவற்றுக்குப் பின்னால் உறை அழுக்கேறிய ஒரு தலையணை. ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதன் பாட்டரி புதிது.

“காலி வண்டின்னு சொன்னீங்களே,” என்று அவள் கேட்டாள்.

“வழியில ரிப்பேர் ஆனா வேணும்ல.”

“தலகாணியுமா?”

அவன் பக்கவாட்டு ஷீட்டை மறுபடி விரலால் அளந்தான்.

“இதுல தூங்குவீங்களா?”

“ஞாயித்துக்கெழம மத்தியானம். வேல செஞ்சு அலுத்துப்போச்சுன்னா. ஒரு மணி நேரம்.”

“கதவச் சாத்திக்கினா?”

பட்டறையில் அறுத்து அடுக்கியிருந்த கற்களை அவன் பார்த்தான். “சாத்தாம எப்படித் தூங்கறது?”

நாலு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. அந்த மத்தியானங்களில் அவள் ஒன்பது பேருக்குச் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பாட்டைத் தூக்கில் கட்டிக் கொடுத்தனுப்பியதும் அவள்தான். திட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் அதைவிட ஆசையாக இருந்தது. 

ஸ்பிரிங் பட்டைகளை இழுத்து வெளியே போட்டாள். ஸ்டெப்னியை உருட்டினாள். வைஸைத் தூக்க முடியாமல் நகர்த்தினாள்.

“இன்னாமே பண்றே? அது என் வைஸு.”

“புடிங்க அந்தப் பக்கம்.”

பிடித்தான். எல்லாம் கிரானைட் தூள் படிந்த தரையில் குவிந்தது. ஸ்ரீகண்டன் கூண்டிலிருந்து, “ஊடு காலி பண்றீங்களா? வாடகை பாக்கியா?” என்றார். பின்னால் கல் லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் கையைக் காட்டி அதை நிற்கச் சொன்னார்.

2190.

“இன்னும் தொண்ணூறு,” என்றார். “சாமான் தீந்துபோச்சு. இனிமே ஊட்டத்தான் இடிக்கணும்.”

மதலைமுத்து உள்ளே ஏறி நின்று கணக்குப் பார்த்தான். கூரையில் கை வைக்க முடியாது. தரைப் பலகையை எடுத்தால் சேசிஸ் தெரியும். பின்கதவு மட்டும் நிலையோடு நூறு கிலோ வரும். பஸ்ஸின் அவசர வழிக் கதவைப்போல இரண்டு பக்கமும் ஷீட் அடித்து, நடுவில் தேக்குச் சட்டம் வைத்திருந்தான். கட்டிலும் பெட்டியும் சேர்ந்து அதே அளவு வரும்.

“கதவக் கழட்டிடலாம்,” என்றான். “தார்ப்பாய் கட்டிக்கலாம். நாலே போல்ட்டு. கட்டிலுக்கு முப்பத்தாறு ரிவெட்டு. அது நான் பண்ணதுலயே நல்ல வேல. படுத்தா சத்தமே வராது.”

“கட்டில எடுங்க.”

“அல்போன்சா, பத்து வருஷமா படுக்கணும் படுக்கணும்னு…”

“தரையில படுக்கறது எனக்கு இன்னா புதுசா? கட்டில எடுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த டூல் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு ரிவெட்டின் தலையாக வெட்டினான். ஒரு மணி நேரமாயிற்று. கல் லாரிகள் இரண்டு மேடையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. லாரி டிரைவர் ஒருவர் இறங்கிவந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். அதை வெளியே இறக்கியபோது மதலைமுத்துவின் முகம் வேர்த்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டான். வெகுநேரம் துடைத்தான்.

2090.

ஸ்ரீகண்டன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சரக்கு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். எந்த ஊருக்குப் பயணம் என்று அல்போன்சாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். “கட்டிலும் இரும்பும் இங்கயே இருக்கட்டும். வந்து எடுத்துக்கோங்க. கார்வாரா? நல்ல ஊருதான். மழ பெய்யும்.”

திரும்பும்போது அல்போன்சா முன்னால் ஏறவில்லை. பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் மதலைமுத்துவுக்குக் கேட்டது. வண்டியை எடுத்தான்.

தரைப் பலகையில் ரிவெட் இருந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். தாங்குவதற்குக் கட்டில் இல்லாததால் ஷீட்டுகள் அதிர்ந்தன. லாரிகள் தாண்டிப்போகும் இரைச்சல் முழுக்க உள்ளே வந்தது. நினைத்திருந்ததுபோல் இல்லை. வெயில் ஜன்னல் வழியாக விழுந்து அவள் வயிற்றின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினாள்.

ஒரு சிக்னலில் வண்டி நின்றது.

“அல்போன்சா,” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. “தண்ணி பாட்டிலு எங்க கீது?”

பாட்டில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் உருண்டு கிடந்தது.

“இன்னாமே, தூங்கிட்டியா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் இன்னொருமுறை கூப்பிடவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டி நகர்ந்தது.