அப்பாத்துரை மாமாவின் கட்டைவிரல் நகம்

பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை. காலை பதினொரு மணிக்கே அப்பாத்துரை மாமா சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு அரிசி ஆலையிலிருந்து கிளம்பிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் பொழுது சாயுமுன் அவர் கிளம்பியதே இல்லை.

மாமாவின் வேலை நெல் பார்த்து வாங்குவது. மூட்டைக்குள் கைவிட்டு நாலு நெல்லை எடுப்பார், வலது கட்டைவிரல் நகத்தால் உமியை உரிப்பார், உள்ளே இருக்கும் அரிசியைப் பார்த்து விலை சொல்வார். வள்ளியூர்ப் பக்கத்து விவசாயிகள்கூட அந்த நகத்தோடு வழக்காட மாட்டார்கள். மூன்று வாரமாக அது பொடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. உரிக்க முடியாமல் உத்தேசமாக அவர் வாங்கிப்போட்ட இருபது மூட்டை அன்று காலை அரவைக்குப் போனது. பாதி பதர்.

முதலாளி பெருமாள்ராஜ் சொல்லிவிட்டார்: "நகம் இல்லாம என்னத்த நெல்லு பார்ப்பீரு வே? வீட்டுல இரும். கார் அறுப்புக்குள்ள முளைச்சா வாரும். இல்லன்னா வேற ஆளு பார்த்துக்கிடுதேன்."

வீட்டில் அவர் மனைவி சாலோமி அத்தை என்னிடம் வேறு புகார் சொன்னாள். "நாலு நாளா நான் குழம்புல பூண்டே போடல. இவரு வாயத் தொறந்தா பூண்டு மணக்கு. வண்ணார்பேட்டையில எந்தக் கடையில ஒளிஞ்சு திங்காருன்னு கேளுட்டி."

"முடியுந்தான் கொட்டுது. அதையும் கடையிலயா குடுத்துட்டு வாரேன்?" என்றபடி மாமா ஒரு டப்பாவைத் திறந்து கொட்டை ஒன்றை வாயில் போட்டார்.

நான் டப்பாவை வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டுக் கிறிஸ்துமஸுக்குத் திரும்பியபோது நான் கொண்டுவந்த பிரேசில் கொட்டை அது. 'சத்து' என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மாமா?"

"பத்து. வெளிநாட்டுச் சாமான், கெட்டுப்போயிரக் கூடாதுல்லா."

மறுநாளே பாளையங்கோட்டையில் டாக்டர் டெபோராவிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "செலினியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. நகம், முடி, பூண்டு வாடை எல்லாம் அதனாலதான். அது உடம்புக்கு வேண்டியதுதான். தைராய்டு ஒழுங்கா இருக்கணும்னா வேணும், நோயை எதிர்க்கவும் வேணும். ஆனா துளி போதும். மீனும் முட்டையும் திங்கிற உங்களுக்கு அதுலயே கிடைச்சிரும். இந்தக் கொட்டைன்னா ஒரு நாளைக்கு ஒண்ணே போதும். இன்னையோட நிப்பாட்டுங்க. நகம் முழுசா வளர ஆறு மாசம் ஆகும்."

மாமா விரல்விட்டு எண்ணினார். "ஆகஸ்ட். கார் அறுப்பு செப்டம்பர். அப்பம் சரி."

"எண்ணத் தெரியுதுல்ல," என்றாள் அத்தை. "கொட்டையையும் எண்ணித் தின்னுருக்கலாம்."

செப்டம்பர் கடைசியில் நான் ஷில்லாங்கில் இருந்தேன். மாமாவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. முழுதாக வளர்ந்த கட்டைவிரல் நகம், அதன்மேல் உமி நீங்கிய ஒற்றை அரிசி. கீழே எழுதியிருந்தார்: "ஆலையில இருந்துதான் அனுப்புதேன். இன்னைக்கு நாப்பது மூட்டை. ஊருக்கு வரும்போது சட்டைத்துணி போதும். திங்கிற சாமான் எதுவும் வேண்டாம்ட்டி."