படம் மறைத்த பக்கம்

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் கெட்டி அட்டையில், ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்கு ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. அதைப் பாடப் புத்தகத்தின் மேல் வைத்ததும் படங்கள் மறைந்தன. அதுவரை கணீரென்று வாசித்துக்கொண்டிருந்த பாப்பா வாயை மூடிக்கொண்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா, விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில், எழுத்து எளிதில் கைவராத சின்னப் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து வாசிக்கப் பழக்குவது என் வேலை. பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். அப்பா கட்டட வேலைக்குப் போனார். அம்மா, அவர்கள் குடியிருந்த முனிர்காவிலேயே வீட்டு வேலை செய்தார். இருவருக்கும் எழுத்து தெரியாது. பாப்பாவுக்குக் காது கூர்மை. யாராவது ஓரிரு முறை வாசித்துக் காட்டினால் போதும், பக்கம் முழுவதும் மனதில் நின்றுவிடும். காக்கா படம் வந்தால் காக்கா கதை, குடை வந்தால் மழைப் பாட்டு. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் 'உ' எங்கே என்று கேட்டால், 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்து, பாட்டும் விரலும் சேர்ந்து நின்ற இடத்தைக் காட்டுவாள்.

"அவதான் கடகடன்னு சொல்றாளே சார். நீங்க அட்டய வெச்சு மறைச்சா எப்டி?" என்றார் அம்மா.

அவர் கேட்டதில் எனக்கு வியப்பில்லை. என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். நான் படிக்கும்போது அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் வந்தால் படிப்பு, சத்தம் நின்றால் சோம்பல். வாசிக்கத் தெரியாத வீட்டில் படிப்பை அளக்க வேறு கோல் கிடையாது.

வரிசையை விட்டுவிட்டு ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கினேன். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வேண்டும், ஒலியைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தட்டு தட்ட வேண்டும். மெல்ல மெல்ல எழுத்துகள் கூடின. சின்னச் சொற்களைக் கூட்டிப் படிக்க அவளுக்குப் பல மாதங்கள் ஆயின. "போன வருஷம் புக்கு முழுக்கச் சொன்னா. உங்ககிட்ட வந்து பின்னாடி போறாளே சார்," என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாலும், அது வெறும் சிரிப்பில்லை என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாப்பாவின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஊரிலிருந்து வந்தார். பாப்பாவுக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் திரும்பும்போது அவளையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. அங்கே அவர் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நானும் முனிர்காவில்தான் ஓர் அறையில் இருந்தேன். அம்மா அங்கே வந்து வாசலிலேயே நின்றார்.

"அவளுக்கு ஒரே ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க சார். நான் அவளச் சொல்ல வெச்சுக்கறேன். அண்ணிக்கு இன்னா தெரியும்? அவங்களும் என்ன மாதிரி எழுத்து தெரியாதவங்கதான்."

"யாருக்கும் தெரியாதுதான். ஆனா பாப்பாவுக்குத் தெரியும். மறுபடி பாட்டுக்குப் போயிட்டா எழுத்துக்குக் கூட்டிட்டு வர்றது கஷ்டம்மா. அப்புறம் உங்க இஷ்டம்," என்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஒற்றை அறை. அத்தை கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். "எங்க, படிடி பாக்கலாம்," என்றார். பாப்பா புத்தகத்தைத் திறந்தாள். மரமும் பட்டமும் வரைந்த பக்கம். அம்மா குனிந்து, சோப்புத் தண்ணீரில் வெளுத்த தன் உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்தார்.

பாப்பா விரலை ஊன்றினாள். "ம... ர... ம்." நிறுத்தினாள். "மரம்." பிறகு அடுத்தது. "ப... ட்... பட்... ட... ம். பட்டம்."

அத்தை சிரித்துவிட்டார். "என்னாடி, பல்லு வலிக்குதா? பொங்கலுக்கு வந்தப்ப ரேடியோ மாதிரி சொன்ன. டில்லித் தண்ணி மூளையக் கரைச்சிடுச்சா?"

"அது பாட்டு அண்ணி," என்றார் அம்மா. கையை எடுக்கவில்லை. "இதான் படிப்பு. இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. இங்கியே இருந்து படிக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். "சார், நீங்க இன்னா சொல்றீங்க?"

"படிச்சது அவதான். மனப்பாடம் இல்ல," என்றேன்.

அவர் அக்காவிடம், "அப்ப ஒனக்கு மட்டும் டிக்கெட் போடறேன்க்கா," என்றார். அத்தை, இங்கே கேட்டுப் பழகிய இந்தியில், "அச்சா, அச்சா. நல்லாப் படிச்சுக் கலெக்டர் ஆவட்டும்," என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

பாப்பா இப்போது ஐந்தாம் வகுப்பு. சென்ற மாதம் சரோஜினி நகர் பஸ் நிறுத்தத்தில் இருவரையும் பார்த்தேன். அவள் வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, இந்தியும் அப்படியே. "பஸ் போர்ட இவ படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது சார்," என்றார் அம்மா. பஸ்ஸின் நிறத்தையும் நம்பரையும் வைத்தே தில்லி முழுக்கப் போய்வருகிறவர் அவர். "நீங்களே சொல்லிடலாமே?" என்றேன். "சொன்னா கேட்டுக்குவா. அப்புறம் படிக்க மாட்டா," என்றார்.

ஒரு பஸ் வந்து நின்றது. அம்மா ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் உள்ளிருந்து "ஜல்தி, ஜல்தி" என்றார். "ருக்கோ பையா, ருக்கோ," என்று அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அம்மா நகராமல் நின்றார். கீழே பாப்பா போர்டை அண்ணாந்து பார்த்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சொல்லுக்கு வந்திருந்தாள்.