ரெண்டு பேருக்கும் ஒரே முழங்காலா?

போன மாதம் பினாங்கு ஊரை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஏசி பஸ். சாய்கிற சீட்டு. தலைக்கு மேலே குட்டி டி.வி. அந்த டி.வி.யில் என்ன ஓடியது தெரியுமா? பினாங்கு! ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஊரையே உள்ளே படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். இதற்கு நான் கோட்டையூரில் என் வீட்டு சோபாவிலேயே கிடந்திருக்கலாமே...

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். கிணற்று வேலைக்குக் கூலியாகப் போய், பிறகு சொந்தமாக போர்வெல் வண்டி வாங்கினவன். கண்டரமாணிக்கம், கொத்தமங்கலம் பக்கம் எந்தத் தெருவில் எத்தனை அடியில் தண்ணீர் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வாசக்கால் வைப்பார்கள். பாறைக்கே பயப்படாத ஆள். அப்பேர்ப்பட்டவன் சட்டையில் 'சீனியர்' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

யார் செய்தது? தொழில் எதிரியா? இல்லை. நான் பெற்ற மகன்!

மூத்தவன் செந்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். 'அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு தடவை கப்பல்ல வாங்க' என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனோம். கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். நடமாடுகிற பெரிய ஓட்டல்தான் அது. சோறு, தயிர், ஊறுகாய்கூடக் கிடைத்தது.

வம்பு கரையில்தான் வந்தது. கப்பல் ஒவ்வொரு ஊரிலும் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பும். நடுவில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு வரலாம். அதற்குப் பேர் ஷோர் எக்ஸ்கர்ஷனாம். செந்தில் போனில் காட்டினான். இங்கிலீஷ் எனக்கு எதற்கு? படமே போட்டிருக்கிறதே! ஒரு படத்தில் மனுசன் மலை ஏறுகிறான். இன்னொன்றில் நடக்கிறான். மூன்றாவதில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"எங்களுக்கு எதுடா?"

"அதெல்லாம் நான் பாத்துப் போட்டுட்டேன்ப்பா. ஈஸி டூர். உங்களுக்கு முழங்கால் வலியில்ல?"

"எனக்கு வலி. உங்கம்மாவுக்கு?"

"ரெண்டு பேரும் சேந்துதானப்பா போவீக?"

பார்த்தீர்களா நியாயத்தை! என் முழங்கால் வலித்தால் அவளும் நாற்காலியில் உட்கார வேண்டும். தாலி கட்டினால் முழங்காலுமா ஒன்றாகிவிடும்?

என் வீட்டுக்காரி சிவகாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மாலை போட்டு, எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறவள். வெறுங்காலோடு. நான் காரில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போவேன். நத்தம் தாண்டும்போது வாலிபப் பிள்ளைகளே கொப்புளத்துக்கு மருந்து கேட்டு நிற்கும். இவள் 'ஏன் நிக்கிறீக, வாங்க வாங்க' என்று அதட்டிக்கொண்டே போவாள். அவளுக்குத்தான் நாற்காலி படம்!

அவளோடு கூட நடக்கிறவர் எங்கள் அடுத்த தெரு ஆச்சி. இந்த வருடம் ஆச்சியால் நடக்க முடியவில்லை, இடுப்பு எலும்பு. நாங்கள் கப்பலுக்குக் கிளம்புகிறோம், வழியில் பினாங்கு என்று தெரிந்ததும் இவளைக் கூப்பிட்டுவிட்டார். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி வேலைக் கையில் கொடுத்தார். ஆச்சி வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

"எங்க அப்பச்சி பினாங்குல கடை வச்சிருந்தாக. அங்க மலை மேல முருகன் இருக்காக. என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக... கடைசி வரைக்கும் முடியல. என் காலும் போச்சு. நீ ஏறி உண்டியல்ல போட்டுட்டு வா தாயி."

"ஏறிப் போடுறேன் ஆச்சி" என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சரி, ஈஸி டூரிலும் 'மலைக் கோயில்' என்று போட்டிருப்பதாக செந்திலே படித்துச் சொன்னான். அதனால் வாயைத் திறக்காமல் பஸ் ஏறினோம். கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? சாமி கும்பிடத்தானே? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு அர்த்தம் தெரியாதே! செந்தில் குடும்பம் மலை ஏறுகிற படத்தைப் பார்த்துப் பதிவு செய்து, கயிற்றில் தொங்கி விளையாடப் போய்விட்டது.

அடிவாரத்தில் பஸ் நின்றது. கைடு அந்த ஊர்த் தமிழ்ப் பொண்ணு, பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' போடுகிறவள். மைக்கில் சொன்னாள்:

"இங்க போட்டோ மட்டும்தான். பத்து நிமிஷம் லா."

"சாமி மேல இருக்கு. நீ கீழ நிக்கச் சொல்றியே தாயி?"

"இது ஈஸி டூர் அங்கிள். படி ஏறுற டூர் வேற."

பக்கத்து சீட்டில் சென்னைக்காரர் ஒருவர், பேங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர், சமாதானத்துக்கு வந்தார். "விடுங்க சார். நம்ம வயசுக்கு இதுவே ஜாஸ்தி."

"உங்க 'நம்ம'வுல என் வீட்டுக்காரியைச் சேக்காதீக" என்றேன்.

நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சிவகாமி இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். செருப்பைக் கழற்றினாள். என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க, பிடிங்க."

"ஏ சிவகாமி, பஸ்ஸு போயிரும்!"

"போகட்டும். பஸ்ஸுக்கா வேண்டிக்கிட்டேன்?"

"கப்பலும் போயிரும்டி!"

"அது சாயங்காலந்தான? அதுக்குள்ள ஏறி எறங்கத் தெரியாதாக்கும் எனக்கு?"

கைப்பையையும் போனையும் என்னிடமே தள்ளிவிட்டு, வெள்ளி வேலை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு ஏறத் தொடங்கினாள். கைடு பொண்ணு பாவம், யார் யாருக்கோ போன் போட்டாள். கடைசியில் சொன்னாள்: "அங்கிள், பஸ் நிக்காது. நீங்களே டாக்ஸி பிடிச்சு வந்துக்கணும். லேட்டானா கப்பல் காத்திருக்காது." அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வேலை அது. பஸ் கிளம்பி சாக்லேட் கடைக்குப் போனது. ஆமாம், ஈஸி டூரில் சாக்லேட் கடைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்!

நான் மட்டும் வெயிலில் நிற்கிறேன், ஒரு ஜோடி பொம்பளைச் செருப்போடு. எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினவன்... பூக்கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டது. "செருப்பக் கீழ வைக்கலாம் ஐயா. இங்க யாரும் எடுக்க மாட்டாங்க." நான் வைக்கவில்லை.

செந்தில் போன் பண்ணினான். "அப்பா, எங்கிட்டு இருக்கீக?"

"மலைக்குக் கீழ."

"அம்மா?"

"மலைக்கு மேல."

"பஸ்ஸு?"

"சாக்லேட் கடையில."

அப்புறம் கத்தினான். "அம்மாவத் தனியா விட்டீகளா?"

"நான் எங்கடா விட்டேன்? உங்கம்மாதான் என்னையத் தனியா விட்டுட்டுப் போயிருக்கா!"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே எனக்குப் பயம்தான். தெரியாத ஊர். அவள் கையில் போன் இல்லை. தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மேலே இருந்து யார் இறங்கினாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். அவளில்லை. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நானே ஏறத் தொடங்கினேன். முழங்கால் முதல் வளைவிலேயே கையை விரித்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் மனசில்லை.

"இங்க என்ன பண்றீக? உங்கள யாரு ஏறச் சொன்னா?"

நிமிர்ந்தால், சிவகாமி. நெற்றி நிறைய விபூதி. வேர்வை வழிகிறது. மூச்சு மட்டும் நிதானமாக இருக்கிறது. என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி அவள்தான் என்னைக் கீழே இறக்கினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை, போன். ஆச்சியைக் கூப்பிட்டாள். "உண்டியல்ல போட்டுட்டேன் ஆச்சி. அப்பச்சி பேரைச் சொல்லித்தான் போட்டேன்."

"அடுப்ப அணைச்சுட்டு வாரேன், இரு தாயி" என்றார் ஆச்சி. அடுப்பில் ஒன்றும் இருந்திருக்காது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து ஆச்சிக்கு மூன்று வேளையும் கேரியர் சாப்பாடுதான். ஆச்சி திரும்பி போனுக்கு வர வெகுநேரம் ஆனது. இவளும் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

டாக்ஸி பிடித்துக் கப்பலுக்கு வந்தோம். சாக்லேட் கடை பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டோம் என்பதைப் பெருமையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது கேட்கிறேன். அப்பா அம்மாவை ஊர் சுற்றக் கூட்டிப் போகிற பிள்ளைகளே... உங்கள் ஆசையைச் சந்தேகப்படவில்லை. ஆனால் 'பேரன்ட்ஸ்' என்று ஒரே சொல்லில் ரெண்டு ஆட்களை எப்படி மூட்டை கட்டுகிறீர்கள்? ஒரே தோட்டத்தில் இந்த மூலையில் துளை போட்டால் உப்புத் தண்ணீர் வரும். அந்த மூலையில் நல்ல தண்ணீர் வரும். ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற போர்வெல்காரனை எவனாவது வேலைக்குக் கூப்பிடுவானா? பிறந்த வருடத்தைப் பார்த்து டூர் போடுகிறீர்களே, அவர்கள் போன வருடம் எங்கே நடந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? முடியாதவனுக்கு பஸ் போடு. தப்பே இல்லை. எனக்கு அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். முடிந்தவளை ஏன் கட்டிப் போடுகிறாய்? கோயில் என்று எழுதிவிட்டுக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து காட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அதற்குப் பேர் கோயில் டூர் இல்லை!

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் செந்திலை ஒரு பிடி பிடித்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது. "தப்புதான்ப்பா" என்று போனை எடுத்து, மறுநாள் கப்பல் நிற்கப்போகிற புக்கெட்டில் உள்ள டூர்களை எல்லாம் திறந்து அம்மா முன்னால் வைத்தான். "இதுல நீங்களே சொல்லுங்கம்மா. எவ்வளவு படி இருந்தாலும் பரவால்ல."

நான் மலை ஏறுகிற படத்தைக் காட்டினேன். "அதைப் போடுடா உங்கம்மாவுக்கு!"

சிவகாமி மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். கப்பல்லயே சாஞ்சு கெடந்து கடலப் பாக்கப் போறேன். உங்கப்பாவ மட்டும் எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."