மாடியில் ஜெபித்த காலை

ஒவ்வொரு ஜனவரியிலும் நான் புதிதாக ஆரம்பிக்கிறவள். விடியுமுன் எழுந்து ஜெபிப்பது, வருஷத்துக்குள் வேதத்தை முழுக்க வாசித்து முடிப்பது, யாரையும் புறம் பேசாமல் இருப்பது என்று தீர்மானம் எடுப்பேன். மோசே வனாந்தரத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை முழம் திரை, எத்தனை வெள்ளிப் பாதம் என்று வருகிற இடத்தில் என் வாசிப்பு நின்றுவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கே அந்த அளவுகளைத் தாண்ட முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கேலி பிடிக்காமல் போயிற்று. இனி நேரமில்லை என்று சொல்ல முடியாது. ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர வேண்டும், அதுவும் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வளர வேண்டும் என்ற ஆசை இருந்தது. இரண்டாவது பாதியை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை விடவே இல்லை. காலை ஆராதனைக்கே பாதிப்பேர் வரவில்லை. பாபநாசம் அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று சாயங்காலம் ஆளாளுக்குச் சொன்னார்கள். மறுநாள் விடியும்போது வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவின் கீழ்முனையில் தண்ணீர் நின்றது. எங்கள் தெரு ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்கும். எங்கள் வீடு மேட்டில், உயரமான படிகளோடு, மாடியும் சேர்த்துக் கட்டிய வீடு. பண்டிகைக்கு வந்திருந்த மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எம்மா, தண்ணி மேல ஏறுது" என்று கத்தினாள்.

தலைவாசலைப் பூட்டிக்கொண்டு மூவரும் மாடிக்குப் போனோம். முழங்காலில் நின்றோம். நான்தான் சத்தமாக ஜெபித்தேன். நடுவில் என் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். தெருவின் கீழ்முனையில் இருக்கிற நர்ஸ் பெண்ணின் பெயர். எங்கள் சபைதான், பெண்கள் ஐக்கியத்தில் என்னோடு பாட்டுப் பாடுகிறவள். புருஷன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிற மாமனாரை இவள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். ஜெபத்தின் நடுவே பேசக்கூடாது, அது சாத்தான் கொண்டுவருகிற தடை என்று நான் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சத்தத்தை அமர்த்தி, போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

தண்ணீர் எங்கள் நடுப்படியில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. நாங்கள் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னோம். போனை எடுத்துப் பார்த்தபோது அவள் மறுபடியும் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன், டவர் இல்லை. கரண்டும் இல்லை. ஏதாவது ஜெபிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு, கீழ்முனையில் எல்லா வீடுகளுக்குள்ளும் ஆறு புகுந்தது என்றும், அவளையும் மாமனாரையும் எதிர்வீட்டு முஸ்லிம் பையன்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நல்லவேளை என்று சொன்னேன். சபையில் வெள்ளத்தில் பாதித்தவர்களுக்குச் சமைத்தபோது போய் வெங்காயம் உரித்தேன், பொட்டலம் கட்டினேன். அவள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் முழங்கால் அளவு சேறு கிடந்தது, நடக்க முடியாது என்பது காரணம். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் குருவானவர், "தேவன் செய்த நன்மையை யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் வரலாம்" என்றார். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. புது வருஷத்துக்கான என் தீர்மானமே அதுதான்: பயத்தை விட்டு, வாய் திறந்து சாட்சி சொல்ல வேண்டும். புதுச்சேலை கட்டியிருந்தேன். மைக் முன்னால் போய் நின்றேன். தண்ணீர் ஏறியதையும், நாங்கள் மாடியில் முழங்காலில் நின்றதையும், ஒருமனதாக ஜெபித்ததையும், தண்ணீர் நடுப்படியில் நின்றதையும் சொன்னேன். "ஜெபத்துக்கு ஆறும் கீழ்ப்படியும்" என்று முடித்தேன். நான் முன்கூட்டி யோசித்து வைத்திருந்த வரி அது. ஆமென் என்ற சத்தம் கோயில் முழுக்க எழுந்தது. இறங்கி வந்து உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். கையைக் குலுக்கி, "அருமையான சாட்சி" என்றார்கள். நர்ஸ் பெண் கூட்டம் குறைகிற வரைக்கும் நின்றுவிட்டுப் பிறகு வந்தாள். சாயம் போன ஒரு காட்டன் சேலை, யாரோ கொடுத்தது போல, ஜாக்கெட்டோடு சேராத நிறம்.

"நல்லாச் சொன்னியக்கா," என்றாள்.

"எல்லாம் தேவகிருபைம்மா. வீடெல்லாம் கழுவி முடிச்சாச்சா?"

"இன்னும் எங்க? அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க மாடியில ஜெபம் பண்ணினது, வெளிச்சம் வந்த நேரமா?"

"ஆமா. தண்ணி தெருவுக்குள்ள வரவும் மேல போயிட்டோம்."

"அப்பம்தான் நான் போன் போட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி பேசினாள். "மாமாவக் கட்டில்ல இருந்து தூக்கணும். ஒத்தையா முடியல்ல. அத்தான அனுப்புவியளான்னு கேக்கத்தான் போட்டேன். அந்நேரம் தண்ணி கரண்டக்காலுக்குத்தான் நின்னுச்சு. நீங்க எடுக்கல்ல. அக்கா வீட்டுலயும் தண்ணி வந்துட்டு போல, என்ன கஷ்டப்படுதாங்களோன்னு உங்களுக்காவ ஜெபம் பண்ணினேன்."

கையிலிருந்த கேக்கைக் காகிதத்தோடு சேர்த்து மடித்தேன்.

"நானும் ஜெபந்தான்க்கா பண்ணினேன். எங்க வீட்டுல தண்ணி ஜன்னல் வரைக்கும் ஏறிச்சு." காப்பிக் கோப்பையை ஓரமாக வைத்தாள். "சரி, வாரேன். மாமா தனியாக் கெடப்பாவ."

யாரோ என்னை ஒரு போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். போய்ச் சிரித்தபடி நின்றேன். அந்தப் படம் இன்னும் சபை வாட்ஸ்அப் குழுவில் எங்கோ இருக்கிறது.

வீட்டில் புத்தாண்டுப் பிரியாணி. சாப்பிட உட்கார்ந்ததும், வேப்பமரத்தடியில் அவள் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நமக்கு எப்படித் தெரியும்? என்ன, வேணும்னேவா செஞ்சோம்?" என்றார்.

"பேரப் பாத்தேன்," என்றேன்.

"என்ன?"

"யாரு கூப்பிடுதான்னு பேரப் பாத்துட்டுத்தான் போன வச்சேன்."

அவர் கை இலையிலேயே நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே," என்றார். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவர் சொன்னது உண்மை. அவர் போயிருப்பார். அந்த நேரத்தில் ஒரு ஆம்பிளை கை கொடுத்திருந்தால் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாடியில் படுக்க வைத்திருக்கலாம்.

மறுநாள் விடியலில் தீர்மானப்படி எழுந்து முழங்காலில் நின்றேன். என்னை மன்னியும் என்று கேட்டேன். கேட்டவுடனே ஒரு சமாதானம் வந்தது. அந்தச் சமாதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. மறுபடியும் கதவைப் பூட்டிக்கொண்டு மாடியில் நிற்கிற மாதிரி இருந்தது. எழுந்து, பழைய சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.

அவள் வீட்டு வாசலில் மெத்தையும் அலமாரிப் பலகையும் குப்பையாகக் குவிந்து கிடந்தன. உள்ளே சேற்று வாடை. சுவரில் ஜன்னல் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெரியவரை எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த வீட்டு முஸ்லிம் அம்மா அவருக்குச் சிறுகச் சிறுக வெந்நீர் புகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்தது.

"டீச்சரா? வாங்க, வாங்க. இவ அன்னைக்கு உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தா. 'அக்கா எடுத்துருவாவ சாச்சி, அக்கா எடுத்துருவாவ'ன்னு எங்கிட்டயே சொன்னா. பொறவு எம் பயலுவோதான் கட்டிலோட தூக்குனானுவோ. நெஞ்சு மட்டுக்கும் தண்ணி. அல்லா காப்பாத்துனான்."

அவர் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் சேற்றில் இறங்கி அவள் வீட்டுக்குள் போனேன்.

"உட்கார எடமில்லக்கா," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"உட்கார வரல்ல. ஒண்ணு சொல்லணும். போன் அடிச்சது எனக்குத் தெரியும். உம் பேரப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல்ல."

சுரண்டுவது நின்றது. அதுவரைக்கும் போன் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் அவள் நம்பியிருந்திருக்கிறாள். அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கி, அதை அவள் தலையில் வைத்துவிட்டேன்.

"என்னய மன்னிச்சிரும்மா."

அவள் கையிலிருந்ததைத் தரையில் வைத்தாள். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியாயிரும், டீச்சர்," என்றாள். எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவள். "எனக்கு இப்பம் சொல்ல வரல்ல. வராதத எப்படிச் சொல்லச் சொல்லுதிய?"

"வேண்டாம். சொல்ல வேண்டாம்."

"அந்தா வாளி கெடக்கு. அடிபம்புல தண்ணி வருது."

வாளியை எடுத்தேன். அன்று மத்தியானம் வரைக்கும் தண்ணீர் அடித்து ஊற்றினேன். அவள் தேய்த்தாள். வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்த அலமாரியைத் தூக்கி வெளியே வைத்தார்.

விடுப்பு முடிந்து அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியாக வேண்டும். பகல் டியூட்டி இருக்கிற நாட்களில் பெரியவரோடு நான் இருக்கிறேன் என்றேன். அவள் யோசித்தாள். எதிர்வீட்டம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், அவரை இன்னும் சிரமப்படுத்த முடியாது. வேறு வழி இல்லாததால்தான் சரி என்றாள். எனக்கு அது தெரியும்.

பெரியவருக்கு ஒரு கையும் ஒரு காலும் விளங்காது. பேச்சும் குழறும். வெள்ளத்தில் நனைந்ததில் நெஞ்சில் சளி கட்டி, இருமல் விடவே இல்லை. இருமல் வரும்போதெல்லாம் தலையணைக்கு அடியில் தள்ளிய போன் ஞாபகம் வரும். முதல் நாள் வேதத்தை எடுத்துக்கொண்டு போனேன். படுக்கையில் கிடக்கிறவருக்கு வாசித்துக் காட்டினால் இருவருக்கும் பிரயோஜனமாக இருக்கும் என்று என் எண்ணம். ஒரு அதிகாரம் முடியுமுன் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ம்... ம்..." என்று, சுவரில் உயரே மாட்டியிருந்ததால் தப்பிய டிவியைக் காட்டினார். கிரிக்கெட். சரி என்று போட்டுவிட்டேன். எனக்கு ஒரு மண்ணும் புரியாத அந்த ஆட்டத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

கஞ்சி புகட்டுவது எளிதாக வரவில்லை. பாதி வாய் ஓரமாக வழியும். துடைக்க வேண்டும். ஒருநாள் இருமலோடு என் சேலை முழுக்கத் துப்பிவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். விளங்குகிற கையால் துண்டை இழுத்து என் சேலையைத் துடைக்க முயன்றார். கை எட்டவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளும் பரிகாரம் செய்கிறோம் என்று நினைத்தல்லவா இந்த மனுஷனைத் தொட்டுக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கும் கூச்சம் உண்டு, அவரும் ஒரு ஆள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"பரவால்ல ஐயா, கழுவினாப் போயிரும்," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். ஜெபம் எதுவும் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள் தொடங்கிய சமயத்தில் அவருக்கு இருமல் குறைந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியை அவள் என்னிடம் வாசலில் நின்று சொன்னாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். நான் திரும்பி நடந்து தெருமுனையில் நின்று அழுதேன். பெரியவர் இறந்துபோயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அதுவரை நினைக்கத் துணியவில்லை.

குருவானவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேவன் மன்னித்துவிட்டார், இனி உங்களையே வாதித்துக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் மன்னிப்பு எனக்குக் கிடைத்துவிட்டது என்பதால் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருந்துவிடுமா? இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் இப்போதும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. போன வாரம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது டியூட்டி முடிந்து வந்தவள், பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பைய ஊட்டுங்க, பொரையேறும்," என்றாள். நான் கரண்டியில் பாதியாகக் குறைத்து எடுத்தேன். பெரியவர் வாயைத் திறந்தார்.