பூட்டு ரொம்ப ஸ்மார்ட், நான்தான் வெளியே!

இன்று காலை என் வீடே என்னை உள்ளே விடவில்லை!

கோபாலபுரத்தில் இரண்டாம் மாடி எங்கள் வீடு. போன வாரம்தான் என் கணவர் பிரபு வாசல் கதவில் ஸ்மார்ட் பூட்டு மாட்டினார்.

சாவியே கிடையாது. விரல் வைத்தால் திறக்கும், எண் அழுத்தினால் திறக்கும், மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். (மூன்று முறை திறந்து மூடிக் காட்டினார். நான் கைதட்ட வேண்டியிருந்தது.)

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா வாசலுக்கு வந்தார். அடுப்பில் பாலைச் சிம்மில் வைத்துவிட்டு, இரண்டே அடி வெளியே போய்க் கூடையைப் பார்த்தேன்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது. டிங்!

உள்ளே யூகேஜி படிக்கும் என் மகள் தியா, அடுப்பு, சோபாவில் என் போன்.

விரலை வைத்தேன். சங்கரா மீனைப் புரட்டிய விரல். பூட்டுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எண்ணை அழுத்தினேன். தவறு! 'பாதுகாப்புக்காக' அதை நேற்று பிரபு மாற்றியிருந்தார். புது எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருந்தார். (முன்பே சொன்னேனே: போன் சோபாவில்.)

"இன்னாம்மா இது, சாவி போட பொத்தலே இல்லியே!" என்றார் அக்கா, பூட்டைத் தடவிப் பார்த்து.

அவர் போனை வாங்கி, ஆபீஸ் போயிருந்த பிரபுவை அழைத்தேன். கட் செய்தார். மறுபடியும் கட். தெரியாத நம்பரை எடுக்க மாட்டாராம். அதுவும் பாதுகாப்பு!

"தியா, உள்ள இருக்கற பட்டன அமுக்குடா!"

"அமுக்கறேம்மா, தெறக்கல!"

திறக்காது. குழந்தைகள் திறந்துவிடாதபடி சைல்டு லாக்.

தீய்ந்த வாசனை வந்தது. ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குக் கேட்கும்படி, "கேஸை ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன்.

"கேஸ், ஷாப்பிங் லிஸ்ட்டில் சேர்க்கப்பட்டது" என்றது.

"அம்மா, கிச்சன்ல பொகை வருது!"

"அங்க போகாத! கதவுகிட்டயே நில்லு!"

பூட்டின் மேல் ஒட்டியிருந்த கஸ்டமர் கேர் எண்ணை அழைத்தேன்.

"உங்க ரெஜிஸ்டர்டு மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கேன் மேடம். அத பூட்டுல போடுங்க, ரெண்டு நிமிஷம்தான் வேலிட்."

"அந்த மொபைல் உள்ள இருக்குங்க!"

"உள்ள யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"யூகேஜி படிக்கற பொண்ணு இருக்கா!"

"அப்ப அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கோங்க மேடம்." (அந்த 'அவங்க'வில்தான் என்ன மரியாதை!)

வேறு வழி? "தியா, என் போன எடுத்துட்டு வா. மேல நம்பர் வந்திருக்கா? ஒண்ணு ஒண்ணா படி!"

"நாலு... ஏழு... அப்புறம் ஆறு... இல்ல, ஒம்பது..."

உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. அஞ்சலை அக்கா கூடையைத் தள்ளிவிட்டுக் கதவருகே குந்தினார்.

"கண்ணு, அழாம பாரு. அந்த நம்பருக்குத் தொப்ப மேல கீதா, கீழ கீதா?"

"கீழ!"

"அது ஆறும்மா, போடு! அப்பால இன்னா கீது கண்ணு?"

"முட்ட!"

நாலு, ஏழு, ஆறு, பூஜ்யம்.

"வெல்கம் ஹோம்!" என்று கொஞ்சியது பூட்டு.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பால் கரியாகியிருந்தது, பாத்திரமும்தான். அக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டார். தியாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதது நான்தான், அவள் கார்ட்டூன் பார்க்க விடச் சொன்னாள்.

சாயங்காலம் பிரபு வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். மனிதர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

"பாத்தியா, எவ்ளோ செக்யூர்! வீட்டுக்காரி உன்னாலயே உள்ள வர முடியலன்னா திருடன் எப்படி வருவான்?"

நண்பர்களே, சாவி போட்டுத் திறக்கும் சாதாரணப் பூட்டு தி.நகரில் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?

கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவரும் என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருக்கிறார்!